ஒரே எண், மூன்று எரிமலைகள்: எச்சரிக்கை நிலை 2 என்றால் என்ன பொருள்?

2021 அக்டோபர் 20 அன்று காலை 11.43 மணிக்கு ஜப்பானின் ஆசோ எரிமலை வெடித்தது. சாம்பல் 3,500 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த மேகம் சரிவில் 1 கிலோமீட்டருக்கு மேல் உருண்டு இறங்கியது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் எட்டிப் பார்க்கும் எரிமலை வாய் அது. அன்று ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 13-ல், எச்சரிக்கை நிலையை 1-லிருந்து 2-க்கு உயர்த்தியிருந்தார்கள். உயர்த்திய கையோடு வாயைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் யாரும் நுழையாதபடி வழியையும் அடைத்துவிட்டார்கள்.

2019 நவம்பர் 18 அன்று நியூசிலாந்தின் ஃபக்காரி என்ற எரிமலைத் தீவிலும் எச்சரிக்கை நிலை 1-லிருந்து 2-க்கு உயர்ந்தது. சுற்றுலாப் படகுகள் வழக்கம்போல ஓடின. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 9 அன்று மதியம் 2.11 மணிக்குத் தீவு வெடித்தபோது அதன் மேல் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் பலருக்கு உடலெங்கும் கடும் தீக்காயம்.

மூன்றாவது, இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் உள்ள மராப்பி. ஜாவாவில் உள்ள மெராப்பி வேறு. செய்திகளே இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கின்றன. மராப்பியின் எச்சரிக்கை நிலை 2011 முதலே 2. வாயிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளியிருங்கள் என்பது எரிமலைத் துறையின் பரிந்துரை. மலையேறுபவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பதோ வனப் பாதுகாப்புத் துறை. சீட்டு வாங்கியவர்கள் உச்சிவரை போய்க்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, மலை வெடித்தது. அப்போது மலையில் இருந்த 75 பேரில் 24 பேர் இறந்தார்கள்.

மூன்று மலைகளிலும் அறிவிப்புப் பலகையில் இருந்தது 2 என்ற அதே எண்தான். எரிமலைப் பயணம் போகிறவர்கள் முதலில் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான். பயண நிறுவனங்கள் 'நிலை 2தான், பயப்பட ஒன்றுமில்லை' என்பதும், வீட்டில் இருப்பவர்கள் 'நிலை 2 ஆயிற்றே, போகாதே' என்பதும் இதே எண்ணை வைத்துத்தான். ஆனால் அந்த எண் நாட்டுக்கு நாடு வேறு சேதி சொல்கிறது.

ஜப்பானில் 2007 முதல் நடைமுறையில் இருக்கும் ஐந்து நிலைகளும் 'என்ன செய்ய வேண்டும்' என்பதைச் சொல்பவை. நிலை 2 என்றால் வாயருகே போகாதே. நிலை 3 என்றால் மலைக்கே போகாதே. 4 என்றால் ஊரைக் காலி செய்யத் தயாராகு. 5 என்றால் காலி செய். எண் மாறினால் எந்தக் கதவைச் சாத்த வேண்டும் என்பது உள்ளூர் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரியும். நியூசிலாந்தின் 0 முதல் 5 வரையிலான அளவுகோல் அப்படிப்பட்டதில்லை. மலை இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. 0, 1, 2 மூன்றும் வெடிப்பில்லாத நிலைகள். 3-லிருந்துதான் வெடிப்பு தொடங்குகிறது. அதாவது வெடிக்காமல் இருக்கும் மலை எட்டக்கூடிய உச்ச அமைதியின்மைக்குப் பெயர்தான் அங்கே 2. 5 வரை போகும் அளவுகோலில் 2தானே என்று பார்க்கும் பயணிக்கு அது மிதமானதாகத் தோன்றும். 'இது முன்கணிப்பு ஆகாது' என்று அதை வெளியிடும் விஞ்ஞானிகளே சொல்லியும் வருகிறார்கள். இந்தோனேசியாவில் நான்கு நிலைகள். நிலை 2 என்பது விழிப்போடு இரு என்ற பொருளில் வருவது. கூடவே ஒரு தூரக் கட்டுப்பாடும் வரும். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே பலகை தொங்கினால் அதை யார் படிப்பார்கள் என்பது தனிக் கேள்வி.

மாக்மா வராமலே வெடிப்பது

பிரச்சினை நிர்வாகத்தோடு நிற்கவில்லை. எச்சரிக்கை நிலைகள் பெரும்பாலும் மலையடிவாரத்து ஊர்களை மனதில் வைத்து உருவானவை. ஊரை அழிக்கும் அளவுக்கு மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு, மேலேறி வரும்போது நிலம் உப்பும், நிலநடுக்கங்கள் கூடும், வாயுக்களின் அளவு மாறும். நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தடயம் கிடைக்கும். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினதூபோ வெடிப்பதற்கு முன்பு பல்லாயிரக்கணக்கானோரை வெளியேற்ற முடிந்தது இப்படித்தான்.

சுற்றுலாப் பயணியைக் கொல்வது பெரும்பாலும் அந்த வகை வெடிப்பு இல்லை. எரிமலை மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் சொல்வது இது: ஊர்மக்கள் பெரிய வெடிப்புகளில் தொலைவில் இருக்கும்போதும் இறக்கிறார்கள்; பயணிகளும் விஞ்ஞானிகளும் இறப்பதோ வாயிலிருந்து 5 கிலோமீட்டருக்குள், பெரும்பாலும் சிறிய வெடிப்புகளில். ஊர்க்காரர் கவனிக்கக்கூடத் தேவையில்லாத ஒரு செருமல், விளிம்பில் நிற்பவருக்கு எமனாகிவிடுகிறது.

இந்தச் சிறிய வெடிப்புகளில் மோசமானது நீராவி வெடிப்பு. மலைக்குள் மழைநீரும் பனிநீரும் இறங்கித் தேங்குகின்றன. கீழிருந்து வரும் சூடு அந்த நீரை 100 டிகிரிக்கு மேல், 200-க்கும் மேல்கூட ஏற்றும். மேலே இருக்கும் பாறையின் அழுத்தம் அதை ஆவியாக விடாது. நீரில் கரைந்து வரும் கந்தகமும் களிமண்ணும் படிந்து பாறை விரிசல்களை அடைத்துக்கொண்டால் விசில் அடைத்த குக்கரின் நிலைதான். ஏதோ ஒரு கணத்தில் அடைப்பு விடுகிறது. அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. நீர் ஆவியாகிறது. சாதாரண அழுத்தத்தில் நீர் ஆவியானால் அதன் கன அளவு சுமார் 1,700 மடங்கு. அந்த விரிவுதான் பாறையை உடைத்து எறிகிறது. புதிய மாக்மா ஒரு துளிகூட மேலே வந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே மாக்மாவின் நகர்வைத் தேடும் கருவிகளுக்குப் பிடிபடுவதற்கும் அதிகம் இருக்காது.

ஜப்பானின் ஒன்தாகே இதற்குக் கொடுமையான சான்று. 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இலைகள் நிறம் மாறும் பருவம், நல்ல வெயில். 3,067 மீட்டர் உயர உச்சியில் பலர் மதிய உணவைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். எச்சரிக்கை நிலை 1. அதன் அன்றைய விளக்கம் 'இயல்பு நிலை' என்பதே. செப்டம்பர் 10, 11 தேதிகளில் சிறு நிலநடுக்கங்கள் திடீரென்று கூடியிருந்தன, பிறகு தணிந்துவிட்டன. வெடித்த அன்று தொடர் அதிர்வு தொடங்கியது 11.41-க்கு. மலை உப்பத் தொடங்கியது அதற்கும் சில நிமிடங்கள் கழித்து. 11.52-க்கு வெடித்தது. மலையே கொடுத்த முன்னறிவிப்பு 11 நிமிடம். அதுவும் கருவிக்கு, உச்சியில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இறந்தவர்களும் காணாமல்போனவர்களுமாக 63 பேர்.

எரிமலை மரணம் என்றதும் எரிகுழம்புதான் நினைவுக்கு வருகிறது. ஒன்தாகேயில் பெரும்பாலோர் இறந்தது பறந்து வந்த கற்கள் பட்டு. பாறைக்குப் பின்னால் பதுங்கியவர்கள், மலைக்குடிலுக்குள் ஓடியவர்கள், முதுகுப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டவர்கள் என்று தப்பியவர்களும் உண்டு. அடுத்த ஆண்டே ஜப்பான் நிலை 1-க்கான 'இயல்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் கொள்ளுங்கள்' என்ற பொருளில் மாற்றியது. ஹெல்மெட் ஏன் வேண்டும், ஒதுங்கக் கான்கிரீட் கூடாரங்கள் ஏன் வேண்டும் என்பதற்கெல்லாம் விடை அந்த ஒரு மதியத்தில் இருக்கிறது.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூசிலாந்தின் தோங்காரிரோ உதாரணம். 2012 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தே மாரி என்ற வாய் வெடித்தபோது நள்ளிரவுக்குச் சில நிமிடங்களே இருந்தன. குளிர்காலம் வேறு. பாறைகள் பறந்து நடைபாதையோரக் குடில் ஒன்றின் கூரையைத் துளைத்தன. குடிலில் ஆள் இல்லை. அந்த வழி, கோடையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் நடப்பது. அதே வெடிப்பு ஒரு கோடை மதியத்தில் நடந்திருந்தால் ஒன்தாகேக்கு முன்பே உலகம் தே மாரியின் பெயரைக் கற்றிருக்கும்.

விஞ்ஞானிகளுக்கு இது தெரியாதா என்றால், 1993 ஜனவரி 14 நினைவுக்கு வருகிறது. கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை ஆய்வு மாநாட்டுக்காகக் கூடியவர்கள் அன்று வாய்க்குள்ளேயே இறங்கி அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். மலை வெடித்தது. இறந்த 9 பேரில் 6 பேர் விஞ்ஞானிகள், 3 பேர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்.

கண்ணுக்குத் தெரியும் நெருப்பு

ஒப்பிட்டால், பார்க்கப் பயங்கரமான எரிமலைகளே பல சமயம் கொஞ்சம் நேர்மையானவை. ஐஸ்லாந்தின் ஃபாக்ராதால்ஸ்ஃபியாத்ல் 2021 மார்ச் 19 அன்று பிளந்து எரிகுழம்பைக் கக்கத் தொடங்கி ஆறு மாதம் ஓடியது. நடந்தே போய்ப் பார்த்தவர்கள் பல லட்சம். ஓடும் எரிகுழம்பின் வெப்பம் 1,200 டிகிரியை நெருங்கும்; ஆனாலும் அதன் முனை பெரும்பாலும் மனிதன் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகத்தான் ஊர்ந்தது. எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. அரசும் தடுத்துப் பார்ப்பதைவிட வழிகாட்டுவதே மேல் என்று முடிவெடுத்துப் பாதை போட்டது, மீட்புத் தொண்டர்களை நிறுத்தியது, வாயுவை அளந்தது. காற்று சரியில்லாத நாள்களில் மூடியது. எனக்குத் தெரிந்தவரை எரிமலைச் சுற்றுலாவை ஓர் அரசு உருப்படியாகக் கையாண்டது அங்கேதான்.

அங்கும் அதிர்ச்சி இல்லாமல் இல்லை. அந்த ஏப்ரல் 5 அன்று முதல் வாயிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, யாரும் எதிர்பாராத இடத்தில் தரை பிளந்து புதிய வாய் திறந்தது. வந்திருந்தவர்களை உடனே வெளியேற்றினார்கள். இறுகிய எரிகுழம்பின் மேல் ஏறி நின்று படம் எடுத்தவர்களுக்கும் கணக்கில்லை. மேலே கறுத்துப்போன ஓட்டுக்கு அடியில் குழம்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா, தெரியவில்லை.

எரிகுழம்போடு நீர் சேர்ந்தால் கதை மாறிவிடும். 2017 மார்ச்சில் இத்தாலியின் எட்னாவில் எரிகுழம்பு பனியின் மேல் பாய்ந்தது. பனி நீராவியாகி வெடித்ததில் பயணிகளும் ஒரு தொலைக்காட்சிக் குழுவினருமாகப் பத்துப் பேர்வரை காயம்பட்டார்கள். 2018 ஜூலை 16 அன்று ஹவாயில், எரிகுழம்பு கடலில் விழும் இடத்தைப் பார்க்கப் போன படகின் கூரையை ஒரு பாறை துளைத்தது. 23 பேருக்குக் காயம். எரிகுழம்பு மட்டும் என்றால் விலகி ஓடலாம். நீரும் சேர்ந்துவிட்டால் கல் பறக்கும்.

இன்னொரு வகை, ஒழுங்காக வெடிக்கும் மலைகள். இத்தாலியின் ஸ்ட்ரொம்போலி பல நூற்றாண்டுகளாகப் பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பொறி கக்குகிறது. கடலோடிகள் அதை மத்தியத்தரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்றே அழைத்தார்கள். குவாத்தமாலாவின் ஃபுவேகோவும் இப்படித்தான். பக்கத்தில் உள்ள அகத்தெனாங்கோவில் ஏறிக் கூடாரமடித்து இரவெல்லாம் அதன் வாணவேடிக்கையைப் பார்க்கலாம். ஒழுங்கு நம்பிக்கையைத் தருகிறது. ஆயிரம் முறை சிறியதாக வெடித்ததால் அடுத்ததும் சிறியதாகத்தான் இருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. 2019 ஜூலை 3 அன்று ஸ்ட்ரொம்போலி வழக்கத்தை மீறிப் பெரிதாக வெடித்து ஒரு மலைநடையாளரைக் கொன்றது. ஆகஸ்ட் 28 அன்று மீண்டும் அதே போல். 924 மீட்டர் உச்சிவரை ஏறிய கூட்டம், அதன் பிறகு வழிகாட்டியோடு வந்தாலும் 400 மீட்டரோடு நிற்க வேண்டியதாயிற்று. ஃபுவேகோ 2018 ஜூன் 3 அன்று அனுப்பிய எரிசாம்பல் வெள்ளம் அடிவாரத்துச் சான் மிகேல் லோஸ் லோத்தேஸ் என்ற ஊரையே மூடிவிட்டது. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில்; பெரும்பாலோர் ஊர்மக்கள். வேடிக்கை பார்க்க வருபவரும் அங்கேயே வாழ்பவரும் ஒரே மலையைப் பகிர்ந்துகொண்டாலும் ஆபத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை.

வெடிக்காத நாளிலும்

வாயுவைப் பற்றிப் பயண விளம்பரங்கள் ஒரு வரியோடு கடந்துவிடுகின்றன. ஆசோவில் 1997-ல் இரண்டு சுற்றுலாப் பயணிகள் இறந்தது வெடிப்பினால் இல்லை. சல்ஃபர் டை ஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மிகக் குறைந்த அளவிலேயே மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். அங்கே இப்போது வாயுவை இடைவிடாமல் அளக்கிறார்கள். எல்லை தாண்டினால் விளிம்பைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வரவே வேண்டாம் என்கிறார்கள். சல்ஃபர் டை ஆக்சைடு தொண்டையை அரித்தாவது தன் வரவைச் சொல்லிவிடும். கார்பன் டை ஆக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளங்களில் தேங்கும். காற்றில்லாத நாளில் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து இளைப்பாறுவதுதான் எரிமலையில் செய்யக்கூடிய மிக ஆபத்தான ஓய்வு. நாய்களையும் சிறு குழந்தைகளையும் கூட்டிவர வேண்டாம் என்று ஐஸ்லாந்தில் சொன்னதற்கும் இதுதான் காரணம். அவர்கள் மூக்கு தரைக்கு அருகில் இருக்கிறது. தூசிக்கான முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அமில வாயுவுக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேறு. அதுவும் கார்பன் டை ஆக்சைடுக்கு உதவாது.

இந்தோனேசியாவின் காவா ஈஜென் வாயில் தெரியும் நீலச் சுடரை எரிகுழம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பாறையிடுக்கில் வரும் கந்தக வாயு காற்றுப் பட்டு எரிவதுதான் அது. இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் பயணிகள் நள்ளிரவில் ஏறி, வாயு சூழ்ந்த பள்ளத்துக்குள், கடும் அமில ஏரியின் கரைவரை, டார்ச் வெளிச்சத்தில் இறங்குகிறார்கள். எதிரே 70 கிலோவுக்கு மேல் கந்தகக் கட்டிகளைத் தோளில் சுமந்தபடி தொழிலாளர்கள் ஏறி வருவார்கள்.

குளிரும் சறுக்கலும் செய்தித் தலைப்பில் அதிகம் வருவதில்லை. அகத்தெனாங்கோவின் உயரம் 3,976 மீட்டர். 2017 ஜனவரியில் அங்கே 6 பேர் குளிரில் இறந்தார்கள். இந்தோனேசியாவின் லொம்பொக் தீவில் உள்ள ரிஞ்சானி எரிமலையில் தளர்ந்த சாம்பல் மண்ணும் செங்குத்துச் சரிவும் சேர்ந்து, தவறி விழுந்து இறப்பவர்கள் அடிக்கடி. எரிமலை என்ற பெயர் நெருப்பையே நினைவூட்டுவதால் பலர் போர்வைக்கும் பிடிப்பான காலணிக்கும் இரண்டாம் இடம் கொடுக்கிறார்கள்.

யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எப்படித்தான் முடிவெடுப்பது? நியூசிலாந்தில் எரிமலை விஞ்ஞானிகள் தங்கள் களப்பணிக்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் வெடிக்க எவ்வளவு வாய்ப்பு, வெடித்தால் இன்ன தூரத்தில் நிற்பவர் இறக்க எவ்வளவு வாய்ப்பு, அங்கே எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறோம். மூன்றையும் பெருக்கினால் ஓர் எண் வரும். அது வரம்பைத் தாண்டினால் போவதில்லை. இதில் முதலாவது நம் கையில் இல்லை. தூரமும் நேரமும் நம் கையில் இருக்கின்றன. விளிம்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடிப்பதற்கும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குவதற்கும் ஆறு மடங்கு வித்தியாசம். சில நூறு மீட்டர் பின்வாங்கினாலே கல்மழையின் அடர்த்தி வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்தக் கணக்கை வழிகாட்டியின் பக்கமிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மலையின் விளிம்பில் ஒரு மணி நேரம் நின்றால் இறக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வாழ்நாளில் ஒருமுறை வருபவருக்கு அது பொருட்படுத்தத் தேவையில்லாத எண். நாளுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் நிற்கும் வழிகாட்டிக்கு அதுவே ஆண்டுக்கு 250-ல் ஒன்றாகிறது. எந்தத் தொழிற்சாலையும் அதை ஏற்காது. ஃபக்காரியில் இறந்த 22 பேரில் இருவர் வழிகாட்டிகள்.

ஃபக்காரி வெடிப்பு தொடர்பான வழக்கின் போக்கும் கவனிக்க வேண்டியது. தீவு தனியாருக்குச் சொந்தமானது. நில உரிமையாளர்களின் நிறுவனம் பாதுகாப்புக் கடமையில் தவறியதாக 2023-ல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2025-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிலத்துக்குள் நுழைய உரிமம் கொடுத்ததாலேயே அங்கு நடக்கும் சுற்றுலாவின் பாதுகாப்புப் பொறுப்பு உரிமையாளரின் தலையில் விழாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனக்கு அதில் தெரிவது மராப்பியில் தெரிந்ததன் இன்னொரு முகம்: அளப்பவர் ஒருவர், அனுமதிப்பவர் ஒருவர், அழைத்துப்போகிறவர் ஒருவர், நிலம் இன்னொருவருடையது. நால்வரில் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல வேண்டியவர் யார் என்பது எழுதப்படாமலே இருந்தது. ஆசோவில் அது எழுதப்பட்டிருந்தது.

ஆகவே பணம் கட்டும் முன் எச்சரிக்கை எண்ணைக் கேட்பதோடு நிற்காமல் வேறு சிலவும் கேட்கலாம். இன்று எத்தனை மீட்டர்வரை அனுமதி, அதை விதித்தது யார்? கல் பறந்தால் ஒதுங்க இடம் எங்கே? விளிம்பில் எத்தனை நிமிடம்? இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கூடுதல் கட்டணம் கொடுத்துப் போவது தகும். கடைசியாக ஒன்று, பலர் கேட்கக் கூச்சப்படுவது: பாதி வழியில் திரும்பினால் பணம் திரும்பக் கிடைக்குமா, வழிகாட்டிக்கு அன்றைய கூலி கிடைக்குமா? முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வழிகாட்டியின் கூலியைப் பிடித்துக்கொள்ளும் நிறுவனம் என்றால், மேகம் இறங்கி வாயு நாற்றம் ஏறும்போது திரும்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போவது அந்த நாளின் கூலியை இழக்கப்போகிற ஒருவர்.